பலூன்காரர் விட்ட எச்சரிக்கை

வானிலை அலுவலகத்தின் முன்கதவை உடைத்துக்கொண்டு கூட்டம் புகுந்தபோது அதிகாரிகள் எல்லோரும் பின்சுவர் ஏறிக் கம்பி நீட்டிவிட்டார்கள். மாட்டிக்கொண்டவர் பலூன்காரர் ஒருவர்தான். தினமும் ஹைட்ரஜன் நிரப்பிய பலூனில் கருவியைக் கட்டி வானத்துக்கு அனுப்புவது அவர் வேலை.

கூட்டத்தின் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. புயல் வருவது இங்கிருந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் தலைமையகம் ஒப்புக்கொள்ளாமல் யாரும் எச்சரிக்கை விடக் கூடாது என்பது விதி. போன வருடம் விட்ட எச்சரிக்கை பொய்த்து வாங்கிக் கட்டிக்கொண்ட தலைமையகம், இந்த முறை ஆற அமர யோசித்தது. அதற்குள் கடல் ஊருக்குள் வந்துவிட்டது.

முதல் அடி சொந்த மச்சினனிடமிருந்தே விழுந்தது. இரும்புத் தடி. பலூன்காரருக்குத் தோள் எலும்பு முறிந்த சத்தம் கேட்டது.

"எம் பையன் படகுல போறான்னு உங்களுக்குத் தெரியும்ல மாமா? வீட்ல வச்சாவது ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

சொல்லவில்லை. விதிக்குப் பயந்து வீட்டில்கூட வாயைத் திறக்காத மனிதர் அவர்.

"பின்னாடி கொட்டகையைக் கொளுத்துங்கடா!" என்றான் ஒருவன். பெட்ரோல் கேனும் தீப்பந்தமுமாகப் பின்முற்றத்துக்கு ஓடினார்கள்.

"அது உள்ள ஹைட்ரஜன்டா! பத்திக்கிச்சுன்னா தெருவே இருக்காது!" என்று கத்தினார் பலூன்காரர்.

"வந்துட்டாருய்யா எச்சரிக்கை குடுக்க!"

கூட்டம் சிரித்தது. ஒரு உதையில் பலூன்காரரின் முன்பற்கள் போயின. கொட்டகைச் சுவரை ஒட்டி வரிசையாக வீடுகள், வாசலில் குழந்தைகள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றன. அவர் தரையிலிருந்து எழுந்தார்.

"குடுங்கடா, நானே கொளுத்துறேன்!"

தீப்பந்தத்தைப் பிடுங்கிக்கொண்டு முன்பக்கம் ஓடினார். காற்று கொட்டகைப் பக்கமிருந்து தெருவாசல் பக்கமாக அடிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் ஓடினார். முன்பக்கப் பதிவறையில் இந்தத் துறை தொடங்கிய நாளிலிருந்து யார் யாரோ அளந்து எழுதிய மழையும் காற்றும் அலமாரி அலமாரியாக இருந்தன. போர் நடந்தபோதுகூட விடாமல் எழுதியவர்கள் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு பந்தத்தை அதற்குள் எறிந்தார்.

கூட்டம் விசிலடித்து நாற்காலி, மேசை என்று கையில் கிடைத்ததையெல்லாம் அந்தத் தீயில் வீசியது. கொட்டகையை மறந்தே போனார்கள்.

மச்சினன் மட்டும் அவர் பக்கத்தில் வந்து நின்றான்.

"நெஜமாவே வெடிச்சிருக்குமா மாமா?"

"வெடிச்சிருக்கும்."

"இதை மட்டும் எப்படி வாயைத் தெறந்து சொன்னீங்க?"

தடி மறுபடி உயர்ந்தது. பலூன்காரர் கையைத் தூக்கித் தடுக்கவில்லை.