எட்டுக்கு முன்னால்

1

இந்தக் கதை பயத்திலிருந்து பிறந்தது என்று எழுதினால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். உண்மையில், பெட்டி கட்டுவதைத் தள்ளிப்போடத்தான் எழுதுகிறேன். கட்டில்மேல் பெட்டி வாயைத் திறந்து கிடக்கிறது. கால் மணிக்கு ஒருமுறை அதற்குள் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். இங்கிருந்து கிளம்பும் பெட்டியில், நான் போகவிருக்கும் நாட்டுச் சிலந்தி எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். நானே கேட்டுக்கொண்டாயிற்று.

2

முதல் தொடக்கம்: அவன் விமானத்திலிருந்து இறங்கியதும், உள்ளங்கை அகலத்தில் ஒன்று

(வரியை அடித்துவிட்டேன். இனி உள்ளங்கையை எப்படிப் பார்ப்பது?)

அடுத்தது: அந்த நாட்டில் செருப்பை உதறாமல் யாரும்

வேண்டாம்.

3

கதாநாயகனை மலையேறும் வீரனாக வைத்துப் பார்த்தேன். மூன்றாம் வரியிலேயே நாற்காலிமேல் ஏறி நின்றுவிட்டான். சரி, நான்தான். அச்சகத்தில் பிழை திருத்துகிறேன்.

4

அக்கா அங்கே பதினோரு வருடமாகத் தனியாக இருக்கிறாள். மருந்துக்கடை வேலை. நான் ஒருமுறைகூடப் போனதில்லை. சின்ன வயதில் சிலந்தியைப் பார்த்து நான் அலறும்போதெல்லாம் அவள்தான் டம்ளரைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி, வெளியே கொண்டுபோய் விடுவாள். பெயரைக் கேட்டாலே எனக்குச் சோறு இறங்காது என்பதால் எங்களுக்குள் அதற்கு 'எட்டு' என்று பெயர். (அதன் கால் கணக்கு. எட்டாம் வாய்ப்பாடு எனக்குக் கடைசிவரை வரவில்லை.)

5

கண்ணில் ஆபரேஷன், தேதி குறித்ததும் சொல்கிறேன் என்றிருந்தாள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு டிக்கெட் போட்டிருந்தேன். போன வாரம் செய்தி வந்தது: 'எட்டு கிடைச்சிருக்கு. உடனே கிளம்பி வா.'

இந்த நேரத்தில் என்ன கிண்டல் என்று கடுப்பாகி, டிக்கெட்டைத் தள்ளிவைத்தேன். பதிலும் போடவில்லை. நேற்று அவளே கூப்பிட்டாள். அவள் சொன்னது எட்டாம் தேதியை. டிக்கெட்டை மறுபடி மாற்றினேன்.

6

ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம் குப்புறவே படுத்திருக்க வேண்டுமாம். சொட்டு மருந்து விட, கூடவே ஒரு ஆள் இல்லையென்றால் டாக்டர் செய்யவே மாட்டாராம்.

"தேதின்னு ஒரு வார்த்தை சேர்த்திருக்கக் கூடாதாக்கா?"

"பிழை திருத்துறவன் நீதானடா."

எங்கள் போன் பேச்சில் பாதி இந்தச் சண்டைதான்.

"குளியலறையில ஒண்ணு இருக்கு," என்றாள் பிறகு. "மூணு நாளா டம்ளரைக் கவுத்து வெச்சிருக்கேன். கண்ணு சரியாத் தெரியல. அட்டையைச் செருக முடியல."

"நீதான் பயப்பட மாட்டியே."

"யாரு சொன்னா? எனக்கும் பயந்தான். பின்னாடி நின்னு நீ கத்திட்டே இருப்ப. எனக்குக் கத்த எங்க நேரம்?"

7

ஒரு முடிவு: நான் போகவில்லை. ஆபரேஷன் தள்ளி

(பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.)

இன்னொன்று: போகிறேன். டம்ளரைத் தூக்கிப் பார்த்தால் காலி. எல்லோரும் சிரிக்கிறார்கள்.

(ஏமாற்று வேலை. காலியென்றால் அது எங்கே?)

8

இந்த எண்ணை எழுதாமலிருக்க, ஏழையே இரண்டாகப் பிரிக்கலாமா என்றுகூடப் பார்த்தேன். எழுதிவிட்டேன். பெட்டியை மூடியாயிற்று. துணிகளுக்கு மேலாக ஒரு நோட்டு அட்டை. வாசலில் டாக்சி ஹாரன் அடிக்கிறது.

அட்டையைச் செருகும் வரியை நான் எழுதப்போவதில்லை. எழுதிவிட்டால் செய்துவிட்டதுபோல் ஆகிவிடும், வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்றே ஒன்று. டம்ளரைக் காலியாக மட்டும் வைத்துவிடாதீர்கள்.