கிட்டுசாமி ரயில்வே ஏன் திவாலாகிறது

சித்ரகலா தன் முதலாளியின் பெயரில் ஒரு ரயில் கம்பெனி நடத்திக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயம் அவளுக்கு உள்ளூர இருந்தது. தெரிய வழியே இல்லை என்ற தைரியம் அதைவிடக் கொஞ்சம் அதிகமாக இருந்தது.

திருப்பூரை ஒட்டிய நல்லூரில் கிட்டுசாமி நடத்திய பனியன் கம்பெனியில் அவள் கம்ப்யூட்டர் பேட்டர்ன் போடுகிறவள். துணி வீணாகாமல் வெட்டுவதற்காகக் கை, கழுத்து, முதுகுத் துண்டுகளைத் திரையில் நெருக்கி அடுக்கிப் பார்ப்பதுதான் வேலை. அடுக்கியதை அனுப்பிவிட்டால், வெளிநாட்டிலிருந்து ஓகே வருகிறவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் அவள் ரயில் விட்டாள்.

பாதை போட்டு, சரக்கு ஏற்றி, போட்டிக் கம்பெனிகளை முந்திக்கொண்டு சம்பாதிக்கிற விளையாட்டு அது. அதில் வந்த ஊர்களெல்லாம் வெளிநாட்டு ஊர்கள். கொஞ்ச நாளில் அலுத்துவிட்டது. ஆனால் நாமே புதிதாக வரைபடம் வரைந்து, ஊர்களையும் போட்டிக் கம்பெனிகளையும் வைத்து, இன்ன வருஷத்துக்குள் இவ்வளவு சரக்கு சேர்த்தால்தான் ஜெயிப்பு என்று நிபந்தனையும் போட்டுக்கொள்ள அதில் ஒரு வசதி இருந்தது. சாலை வரைபடப் புத்தகம் ஒன்றைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, திருப்பூரையும் தாராபுரத்தையும் பல்லடத்தையும் கணியூரையும் அவள் திரையில் நட்டாள். அமராவதியை ஓட விட்டாள். தெற்கே தூத்துக்குடித் துறைமுகத்தை வைத்தாள். ‘பனியன் லைன்’ என்று அதற்குப் பெயர் சூட்டினாள்.

கம்ப்யூட்டர் தானாகவே நடத்துகிற போட்டிக் கம்பெனிக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. அன்று காலைதான் கிட்டுசாமி, சத்தம் போடுகிற ஒரு மின்விசிறியை மாற்றச் சொன்னதற்கு, சத்தம் வந்தால்தானே ஓடுகிறது என்று தெரியும் என்று சொல்லியிருந்தார். ஆகவே கிட்டுசாமி ரயில்வே உதயமானது. குணம் என்ற இடத்தில் ‘மகா கஞ்சன்’ என்று குறித்தாள். ‘என்ற மாமனார் ஊர், என்ற மாமனார் ஊர்’ என்று அவர் வாய்க்கு வாய் சொல்லுகிற கணியூரையே தலைமையகமாகவும் கொடுத்தாள். பிறகு அதை, இந்த விளையாட்டுப் பைத்தியங்கள் உலகம் முழுவதிலுமிருந்து வந்து கூடும் ஓர் இணையதளத்தில் ஏற்றிவிட்டாள். அங்கே ஒரு மின்னஞ்சல் முகவரி கேட்டார்கள். அவளுக்கென்று தனியாக ஒன்று இல்லாததால் கம்பெனி முகவரியைக் கொடுத்தாள். வினை அங்கேதான் பிடித்தது.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் ஆடி மாதம் ஒரு காலையில் சித்ரகலா பஸ்ஸைத் தவறவிட்டாள். ஜெர்மனி ஆர்டருக்குப் பதில் வர வேண்டியிருந்ததால், காத்திருக்கப் பொறுக்காமல் கிட்டுசாமி தாமே மெயிலைத் திறந்தார். ஜெர்மனியிலிருந்து ஒரு மெயில் வந்துதான் இருந்தது. அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஏற்றுமதி இங்கிலீஷ். மெயிலில் அவர் கண்ணில் பட்ட வார்த்தைகள் நான்கு: கிட்டுசாமி, பேங்க்ரப்ட், கணியூர், ப்ராப்ளம்.

அவர் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார். தாம் திவாலாகவில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனால் திவாலாகிவிட்டதாக ஒரு ஜெர்மனிக்காரனிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதுவும் கணியூர்ப் பெயரோடு. அங்கிருந்து வாயை விடக்கூடிய ஆள் உலகத்தில் ஒருவர்தான் உண்டு. மனைவி சுப்புலட்சுமியின் அண்ணன் மாரப்பன்.

உடனே போனைப் போட்டார்.

“ஏனுங்க மச்சான், நானென்னுங்க உங்களுக்குக் கெடுதல் பண்ணுனேன்? என்ற மானத்த ஜெர்மனி வரைக்கும் கொண்டுபோயிட்டீங்களே.”

மறுமுனையில் மாரப்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. திவால் என்ற சொல் மட்டும் தெளிவாகக் கேட்டது. அவர் நல்ல மனுசர். மாப்பிள்ளை நொடித்துப் போய்விட்டார், அந்த வருத்தத்தில் புத்தி கலங்கித் தன்னைத் திட்டுகிறார் என்று முடிவு கட்டிக்கொண்டு, எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் போனை வைத்தார். தோப்புக்குப் போய் டெம்போவை எடுத்தார்.

சித்ரகலா வேறு பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் ஆபீஸ் துக்க வீடு மாதிரி ஆகியிருந்தது. மெயிலைத் தமிழில் சொல்லச் சொல்லி கிட்டுசாமி கேட்க, அவள் திரையைப் பார்த்தாள். எழுதியவர் பெயர் உவே. குமட்டலுக்கு வருகிற சத்தத்தையே பிள்ளைக்குப் பெயராக வைப்பார்களா என்று வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனாள். போனவள், தண்ணீர்க் குழாயடியில் நின்று, ஊருக்குப் போய்விடலாமா என்று யோசித்தாள். சம்பள நாளுக்கு இன்னும் பல நாள் இருந்ததால் திரும்பி வந்தாள்.

அவள் வாயைத் திறக்கப் போகிற நேரத்தில் வாசலில் டெம்போ வந்து நின்றது. முன்னால் மாரப்பன் இறங்கினார். அவருக்குப் பின்னால், வழியில் வீட்டில் ஏற்றிக்கொண்டு வந்த சுப்புலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டே இறங்கினாள். அதற்குப் பின்னால் ரெண்டு மூட்டை அரிசி, ஒரு சாக்கு தேங்காய், கடைசியாக ஒரு கறவை ஆடு. எது போனாலும் தங்கச்சி பாலில்லாத டீ குடிக்கக் கூடாது என்று மாரப்பன் சொன்னார். ஆட்டைக் கட்ட இடமில்லாமல் கட்டிங் டேபிள் காலில் கட்டினார்கள்.

இத்தனை பேர் முன்னால்தான் சித்ரகலா மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். மதிப்புக்குரிய ஐயா, உங்கள் பனியன் லைன் மிக அழகாக இருக்கிறது. ஒரே ஒரு குறை. கிட்டுசாமி ரயில்வே என்கிற போட்டிக் கம்பெனி ஒவ்வொரு தடவையும் மூன்றாவது வருஷத்தில் திவாலாகிவிடுகிறது. அவருடைய ரயில் கணியூர் ஸ்டேஷனில் நின்றது நின்றபடி நிற்கிறது. இதைச் சரிசெய்ய முடியுமா. இப்படிக்கு, உவே.

பிறகு, அது விளையாட்டு என்பதையும், அதைச் செய்தது தானே என்பதையும் அழாமல் சொல்லி முடித்தாள்.

சுப்புலட்சுமி தலையிலடித்துக்கொண்டு ஆட்டுப் பக்கம் போனாள். மாரப்பனுக்கு மூச்சு வந்தது. கிட்டுசாமி மட்டும் அசையவில்லை. இப்போது வேலை போகிறது என்று சித்ரகலா காத்திருந்தாள். அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் குனிந்தார்.

“அது சரி அம்முணி. நான் ஏன் திவாலாகோணும்?”

பதினைந்து வயதில் ஒற்றைத் தையல் மிஷினோடு ஆரம்பித்தவன் நான், இதுவரைக்கும் ஒரு செக் திரும்பினதில்லை, என் பெயரில் ஒரு கம்பெனி மூன்று வருஷம் தாங்கவில்லை என்று சீமைக்காரன் காறித் துப்புகிறான் என்று அவர் மெதுவான குரலில் சொன்னார். கம்பெனியின் பெயரை மாற்றிவிடுகிறேன் என்று அவள் சொன்னதை அவர் ஏற்கவில்லை. பெயர் இருக்கட்டும், கம்பெனியை நிமிர்த்து என்றார். மாரப்பனும் அதுதான் நியாயம் என்றார்.

மறுநாளிலிருந்து சித்ரகலாவுக்கு, பேட்டர்ன் போக மிச்ச நேரமெல்லாம் ரயில்வேயை நிமிர்த்துவதே வேலையாயிற்று. முதலில் கிட்டுசாமி ரயில்வேயின் முதலீட்டை இரண்டு பங்காக்கினாள். அது அந்தப் பணத்தில் இன்னும் நாலு ஓட்டை எஞ்சின்களை வாங்கி, அவற்றையும் கணியூரில் கொண்டுபோய் நிறுத்தி, ரெண்டாவது வருஷமே திவாலானது. அடுத்து ‘மகா கஞ்சன்’ என்ற குணத்தை எடுத்துவிட்டு ‘தாராள மனசு’ என்று போட்டாள். கம்பெனி கணியூர் ஸ்டேஷனில் ஒரு பெரிய ஓட்டல் கட்டியது. ரயிலே கிளம்பாத ஸ்டேஷனில் ஓட்டலுக்கு யார் வருவார்கள். அந்தத் தடவை முதல் வருஷ முடிவிலேயே கதை முடிந்தது. கிட்டுசாமி இதைப் பார்த்து, ஓட்டல் கட்டின புத்தி தன்னுடையது இல்லை, கஞ்சனையே திரும்பப் போடு என்று சொல்லிவிட்டார்.

எஞ்சினுக்குத் தண்ணீர்த் தொட்டி வைத்தாள். கணியூர் ஸ்டேஷனைப் பெரிதாக்கினாள். பருத்தி விளைச்சலைக் கூட்டினாள். ரயில் கணியூரில் நின்றுகொண்டு புகை மட்டும் விட்டது. தினமும் காலையில் தையல்காரர்கள் உள்ளே வரும்போதே, கம்பெனி இருக்குதுங்களா என்று சித்ரகலாவிடம் கேட்கத் தொடங்கினார்கள். ஒருநாள் ஒரு டெய்லர் இதை வாசலில் வைத்துக் கேட்க, நூல் கொண்டு வந்த டிரைவர் காதில் அது விழுந்து, மூட்டையை இறக்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போகப் பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை கிட்டுசாமி குடும்பத்தோடு ஆபீசுக்கு வந்தார். மாரப்பன் ஆட்டை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் இன்னும் இங்கேயே இருந்தார். கம்பெனி எப்படி விழுகிறது என்று எல்லோரும் சேர்ந்து கண்ணால் பார்ப்பது என்று முடிவாகியிருந்தது. பார்க்கப் பார்க்க மாரப்பனுக்கு ஆசை வந்து, நம்ம ஊர் எங்கே என்று கேட்டார். சுப்புலட்சுமி திரையில் தெற்கே, மடத்துக்குளத்துக்குப் பக்கத்தில் விரலை வைத்தாள். அதே நேரத்தில் கிட்டுசாமி வடமேற்கே கருமத்தம்பட்டிப் பக்கம் விரலை வைத்தார்.

“பொறந்த ஊரு எதுன்னு எனக்குத் தெரியாதுங்களா?”

“ஏம்புள்ள, கணியூர்னு இங்க எழுதியிருக்குதல்லோ.”

“இங்கயுந்தானுங்க எழுதியிருக்குது.”

புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு கணியூரைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. கல்யாணத்தன்றே மேளக்காரரைக் கருமத்தம்பட்டிக் கணியூருக்கு அனுப்பிவைத்துவிட்டு, மேளமில்லாமல் மாலை மாற்ற வைத்த மனுசன்தானே என்று சுப்புலட்சுமி பழையதைக் கிளறினாள். மாரப்பன் சமாதானம் சொல்லப் போய் ரெண்டு பக்கமும் திட்டு வாங்கினார்.

சித்ரகலா இதில் எதையும் கேட்கவில்லை. வரைபடப் புத்தகத்தில் இருந்த ரெண்டு கணியூரையும் தான் அப்படியே நட்டுவிட்டது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆள் விளையாடினால் ஊரைப் பார்த்துத் தொடுவான். கம்ப்யூட்டர் பெயரைப் பார்த்துப் போகும். கிட்டுசாமி ரயில்வே ஒரு கணியூருக்குப் பாதை போட்டுவிட்டு, இன்னொரு கணியூரில் பருத்தி ஏற்ற ரயிலுக்கு உத்தரவு கொடுத்துக்கொண்டிருந்தது. போகப் பாதையில்லாமல் ரயில் நின்றுவிட்டது. நின்ற ரயிலுக்கும் சம்பளமும் கரியும் போய்க்கொண்டே இருந்தன.

அவள் தெற்கே இருந்த ஊரின் பெயரை ‘மாரப்பன் கணியூர்’ என்று மாற்றினாள். அந்த ஒரு வார்த்தைதான். ஆட்டத்தை மறுபடி ஓடவிட்டாள். கிட்டுசாமி ரயில்வேயின் ரயில் ஒரு குலுங்கு குலுங்கி, நகர்ந்தது. சண்டை பாதியில் நின்றது. பருத்தியை ஏற்றிக்கொண்டு அது அமராவதியைச் சுற்றிக்கொண்டு தெற்கே துறைமுகத்துக்குப் போனதை நாலு பேரும் பார்த்தார்கள். மூன்றாவது வருஷம் வந்தது, போனது. கம்பெனி விழவில்லை. கிட்டுசாமி எழுந்து வெளியே போய், முகம் கழுவிக்கொண்டு வந்தார். அழுதாரோ என்னவோ, யாரும் கேட்கவில்லை.

சரிசெய்த வரைபடத்தை சித்ரகலா இணையதளத்தில் ஏற்றினாள். இந்த விஷயம் இத்தோடு முடிந்தது என்று நினைத்தாள். வாரக் கடைசியில் உவேயிடமிருந்து மறுபடி மெயில் வந்தது. இந்தத் தடவை குரலில் ஒரு தளர்ச்சி தெரிந்தது. கிட்டுசாமியை இப்போது யாராலும் ஜெயிக்க முடியவில்லை என்று எழுதியிருந்தார். அவர் எதற்கும் செலவே செய்வதில்லை. ஓட்டை எஞ்சினையே ஓட்டி, காசைச் சேர்த்து, கடைசியில் என் கம்பெனியையும் விலைக்கு வாங்கிவிடுகிறார். அலுவலகத்துக்கு இரண்டு நாள் விடுப்புப் போட்டும் பார்த்துவிட்டேன். ஏதாவது யோசனை சொல்ல முடியுமா.

கிட்டுசாமி அதைப் பிரிண்ட் எடுக்கச் சொல்லி, ஆட்கள் கார்டு பஞ்ச் பண்ணுகிற இடத்தில் ஒட்டினார். யோசனை மட்டும் சொல்லக் கூடாது என்றார். அவர் அந்தப் பக்கம் துணிக்குச் சாயம் போடுகிற டையிங்குக்குப் போன பிறகு, ஆட்டுக்குப் புல் கொண்டு வந்த சுப்புலட்சுமி, அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். சித்ரகலா சொன்னாள். சுப்புலட்சுமிக்கு உவே மேல் இரக்கமாகிவிட்டது.

“பாவம், பொழப்பக் கெடுத்துக்கிட்டு உக்காந்திருக்கறாரே. நான் சொல்றன், எழுது கண்ணு. எங்கூட்டுக்காரரு எப்புடின்னு என்னைய விட யாருக்குத் தெரியும்?”

அவள் சொல்லச் சொல்ல சித்ரகலா இங்கிலீஷில் தட்டினாள். எஞ்சின் அடியோடு சாகிறவரை அவர் மாற்ற மாட்டார், ஆகவே அது இருமத் தொடங்கிய அன்றே பக்கத்தில் உங்கள் புது ரயிலை விடுங்கள். பாலம் கட்டக் காசு போகும் என்று ஆற்றைச் சுற்றிக்கொண்டு போவார், ஆகவே பாலத்தை நீங்கள் கட்டிவிட்டால் பாதி வழியில் முந்தலாம். எதையாவது விலை கேட்பதென்றால் காலையில் டிபனுக்கு முன்னால் கேட்காதீர்கள், மத்தியானம் சாப்பிட்டுக் கண் சொருகுகிற நேரத்தில் கேளுங்கள். கடைசியில் சொன்னது கம்ப்யூட்டருக்குப் பொருந்தாது என்று சித்ரகலாவுக்குத் தெரியும். ஆனாலும் முதலாளியம்மா சொன்னதை விட மனமில்லாமல் அதையும் சேர்த்தாள்.

பாலத்தையும் புது எஞ்சினையும் வைத்து உவே ஜெயித்துவிட்டார். நன்றி சொல்லிப் படத்தோடு எழுதியிருந்தார். விளையாட்டில் டிபன் நேரத்தை எங்கே பார்ப்பது என்று மட்டும் புரியவில்லை என்று கடைசியில் கேட்டிருந்தார்.

கம்பெனி மெயிலுக்கு வந்தது கிட்டுசாமிக்குத் தெரியாமல் இருக்குமா. ஒட்டிய காகிதத்தைக் கிழித்தெடுத்தார். யார் காட்டிக்கொடுத்தது என்று கேட்கவில்லை. டிபன் என்ற வார்த்தையைப் படித்ததுமே அவருக்குத் தெரிந்திருக்கும். அன்றைக்கு சாயங்காலம் வேலை முடிகிற சமயத்தில் சித்ரகலா பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கம்ப்யூட்டர் நடத்துகிற கிட்டுசாமியை நம்பிப் பிரயோசனமில்லை, தாமே இறங்கி ஒரு கம்பெனி நடத்தி அந்த உவேயை ஒரு கை பார்ப்பதாகச் சொன்னார்.

அவள் மவுஸை அவர் கையில் கொடுத்து, எலிக்குட்டியைப் பிடிக்கிற மாதிரி பிடிக்க வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்தாள். திருப்பூரிலிருந்து தெற்கே பாதை போட ஆரம்பித்தார். அமராவதிக்கரை வந்ததும், பாலத்துக்கு இவ்வளவு ஆகும் என்று திரை ஒரு விலையைக் காட்டியது. கிட்டுசாமி கையை எடுத்துவிட்டார்.

“கொஞ்சம் கொறச்சுக் கேளு அம்முணி.”

கம்ப்யூட்டர் விலையைக் குறைக்காது என்று அவள் பொறுமையாக விளக்கினாள். இரும்புப் பாலம் இந்த விலை, மரப்பாலம் இந்த விலை, ரெண்டில் ஒன்றைத் தொட்டால் போதும், பேரம் பேச அதற்குள் ஆளில்லை என்றாள்.

“நீ கேட்டுப் பாத்தியா?”

கேட்டுப் பார்க்கவில்லைதான் என்று சித்ரகலா ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. கிட்டுசாமி நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, கையைக் கட்டி, அந்த விலையையே உற்றுப் பார்த்துக்கொண்டு காத்திருக்க ஆரம்பித்தார்.