கட்டத்துக்குள் இருந்த முகம்

இரும்புக் குழாயின் முதல் அடி ஆலை அலுவலகத்தின் கண்ணாடிக் கதவில் விழுந்தது. அடுத்தது மேலாளரின் தோளில். எலும்பு முறிந்த சத்தம் கணினி மேசை வரைக்கும் கேட்டது. சுருண்டு விழுந்தவரின் வயிற்றில் வந்தவன் ஓங்கி உதைத்தான்.

"இணையப் பக்கத்துல எழுதினது யாரு?"

மேசையில் இருந்தவள் எழுந்தாள். "நான்தாண்ணே."

முந்தின நாள் ஆலையின் கொதிகலன் வெடித்து மூன்று பேர் செத்தார்கள். செத்தவர்களில் ஒருவருடைய தம்பி இவன். உடலைத் துண்டு துண்டாகத்தான் பொறுக்கிக் கொடுத்திருந்தார்கள். ஆலையின் பக்கத்தில் இரங்கல் போட்டவள் அவள்.

அவள் முடியைக் கொத்தாகப் பிடித்து, கைப்பேசியை முகத்தில் இடித்தான். உதடு கிழிந்தது.

"பாரு. எங்கண்ணன் பேருக்குப் பக்கத்துல என்ன இளிப்பு?"

அங்கே ஒரு மஞ்சள் முகம் வாய்கொள்ளாமல் சிரித்தது. மற்ற இரண்டு பெயர்களின் அருகே கண்ணீர் சரியாகத்தான் வழிந்தது.

அவளுடைய பழைய கணினியில் எந்த எமோஜியும் முகமாகத் தெரியாது, வெறும் கட்டம்தான். அட்டவணையைப் பார்த்து அந்தந்த முகத்துக்குரிய எண்ணை அடிப்பாள். அழும் முகம் 128546. எண் விசைகளில் நாலுக்கு நேர் கீழே ஒன்று. விரல் ஒரு படி இறங்கி, சிரிக்கும் முகத்தின் 128516 ஆகிவிட்டது.

"தப்பு என்னோடதுதாண்ணே. அழுற முகம்தான் போட நெனச்சேன். இதுல எனக்குக் கட்டம்தான் தெரியும்."

"யாருகிட்ட கதை விடுற?"

குழாய் அவள் தலைக்கு மேல் உயர்ந்தது. அதைப் பிடித்திருந்த மணிக்கட்டிலிருந்து ரத்தம் அவள் நெற்றியில் கொட்டியது. கதவுக் கண்ணாடி ஆழமாக அறுத்திருந்தது.

"அண்ணே, நரம்பு அறுந்திருக்கு. அடிக்கணும்னா அப்புறம் அடிங்க. மொதல்ல கையக் குடுங்க."

பதிலுக்குக் காத்திராமல், கழுத்துத் துணியை உருவி அவன் கையைச் சுற்றி இறுக்கினாள். கடவுள் மனிதருக்குள் நுழைய அந்த ஒரு முடிச்சு போதுமாக இருந்தது. குழாய் தரையில் உருண்டது. அவன் கண்ணாடிச் சில்லுகளின் மேலேயே உட்கார்ந்து கதறினான்.

அவள் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, மேலாளரின் தலைக்குக் கீழே தன் பையை வைத்தாள். பிறகு இரங்கலில் அந்த எண் இருந்த இடத்தைத் திருத்தத் திறந்து, விசைப்பலகையை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"அந்த ஒண்ண அழிச்சிட்டு, நாலு அடிங்கண்ணே."

ரத்தம் தோய்ந்த விரல் நாலை அழுத்தியது. அவள் திரையில் கட்டம் அப்படியேதான் இருந்தது. கைப்பேசியில் அண்ணன் பெயருக்கு அருகே ஒரு முகம் அழுதது.

போலீஸ் வந்தபோது அவன் விலங்குக்குத் தானே கையை நீட்டினான். "இந்தக் கையில வேணாம் சார்," என்றாள் அவள், கிழிந்த உதட்டோடு. "கட்டு அவுந்துடும்."