வால்வுக்கு அடைத்த களிமண்

தனுஷ்கோடியின் கோபம் சிவகாசிக்கே தெரியும். அம்புட்டையும் வாங்கிக் கட்டிக்கொண்டது பொண்டாட்டி பொன்னுத்தங்கம். அன்றைக்குக் கோபத்துக்குக் காரணம், மாடிக் குளியலறையில் மாட்டியிருந்த கரண்டு பாய்லர். மெட்ராஸிலிருந்து வந்த புதுசு. சூடேறினால், உள்ளே அழுத்தம் தணிய அதன் வால்வு சொட்டுச் சொட்டாய்த் தண்ணி கக்கும். அது தளத்தில் இறங்கி, கீழ் ரூமில் அடுக்கியிருந்த, அவர் பட்டாசுக் கம்பெனியின் தீபாவளி சீசன் லேபிள் கட்டுகளை நனைத்துவிட்டது.

"இதைப் பார்த்துக்கிட்டா இருந்த?" என்று அறைந்தார். அவள் உதடு கிழிந்தது.

"வால்வுல ஒரு குழாயை மாட்டிச் சாக்கடைக்கு விட்டா முடிஞ்சுபோச்சு. எம்புட்டு நாளாச் சொல்றேன்!"

"எனக்கே யோசனை சொல்றியா?" முடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். பிறகு, கம்பெனியில் வெடிக்கு வாய் அடைக்கிற மாதிரியே, வால்வு ஓட்டையில் மரக்குச்சியை அடித்து இறுக்கி, களிமண் அப்பி, கம்பியால் வரிந்து கட்டினார். ஊருக்கெல்லாம் வெடி செய்து விற்கிற மனுசன், தன் வீட்டுக்குள்ளேயும் ஒண்ணு செய்துவைத்தது தெரியாமல் சிரித்தார். "இனி ஒரு சொட்டு விழாது." விழாதுதான், பாவி!

மறுநாள் சனிக்கிழமை, எண்ணெய்க் குளியல். பாய்லரைப் போட்டுவிட்டு, கதவைத் தாழிட்டு, எண்ணெய் தேய்க்க உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்க மாட்டார். உள்ளே பாய்லர் உறுமியது. குழாய் தடதடவென்று ஆடியது. பொன்னுத்தங்கம் மாடிக்கு ஓடினாள்.

"சுவிட்சை அணைச்சிட்டு வெளிய வாங்க! வெடிக்கப் போகுது!"

"ஏளா, நான் வெளிய வந்தேன்னா எலும்பை எண்ணிருவேன்!"

கதவைத் தட்டினாள், உதைத்தாள். மனுசன் அசையவில்லை. உசுருக்குப் பயந்து வரமாட்டார் என்று அவளுக்குப் புரிந்தது. எதுக்கு வருவார் என்றும் புரிந்தது. தொண்டை கிழியக் கத்தினாள்:

"ஏலே தனுஷ்கோடி! பொம்பளைகிட்டதான் உன் வீரமெல்லாம்! ஆம்பளையா இருந்தா வெளிய வாலே!"

தாழ்ப்பாள் தெறித்தது. எண்ணெய் வழிய, இடுப்புத் துண்டோடு பாய்ந்து வந்தார். அவள் படியிறங்கி ஓடினாள். கடைசிப் படியில் கொண்டையைப் பிடித்துக் கையை ஓங்கினார்.

மேலே வெடித்தது. கதவு பறந்து வந்து படிச்சுவரில் மோதிச் சிதறியது. சுடுதண்ணியும் செங்கலும் கொட்டி, அவர் முதுகு வெந்துபோனது. லேபிள் கட்டு ஒண்ணுகூடத் தப்பவில்லை.

ஓங்கின கையை இறக்கினார். "ஏளா... என்னைய ஏன் அப்படிக் கூப்பிட்ட?"

"காப்பாத்தக் கூப்பிட்டேன், வரலை. அடிக்கக் கூப்பிட்டேன், வந்தீக."

கொண்டையிலிருந்து அவர் கையை எடுத்துவிட்டாள். வாசலுக்குப் போய் ரெண்டு வண்டி கூப்பிட்டாள். ஒண்ணு, அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக. இன்னொண்ணு, அவள் சாத்தூரில் அப்பா வீட்டுக்குப் போக.