அக்கா தொட்ட கட்டம்

டிரெட்மில்லில் நடந்து காட்ட ஒப்புக்கொண்டிருந்த என் மாணவிக்கு, நேர்காணலுக்கு முதல் நாள் பார்த்துக் காய்ச்சல் வந்தது. ஓட்டக்காரிகளுக்கு வருஷம் பூராவும் ஒன்றும் வராது, வந்தால் இப்படித்தான் நேரம் பார்த்து வரும்.

வேலை உடற்பயிற்சி உடலியங்கியல் துறையில், உதவிப் பேராசிரியர் பதவி. ஒப்பந்த விரிவுரையாளராகவே நரைத்துவிடுவேனோ என்று பயந்துகொண்டிருந்த எனக்கு அது நிரந்தர வேலை. ஆனால் வேறு ஊர். அந்தத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. வாயால் பேசிக் காட்டினால் போதாது, நேர்காணல் குழுவின் முன்னால் ஓர் ஆளை நடக்கவிட்டுச் சோதனை செய்து காட்ட வேண்டும். ஆளையும் நாமேதான் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

"நான் வர்றேன்டி. நடக்கிறதுதானே? நான் நடக்காத நடையா?" என்றாள் அக்கா.

ரத்த அழுத்தம் பார்த்தேன், உடம்பைப் பற்றிக் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டேன். குறை ஒன்றும் இல்லை. பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்ட அப்பாவை அன்று ஒரு நாள் பார்த்துக்கொள்ளச் சித்தியை வரச் சொல்லிவிட்டு, இருவரும் பஸ் ஏறினோம்.

வழியில் எனக்கு ஒரே கேள்விதான். இந்த வேலை கிடைத்தால் நான் கிளம்பிவிடுவேன். அப்பாவோடு அக்கா தனியாக இருப்பாள். இப்போதும் பெரும்பாலும் அப்படித்தான். மாணவிகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுக்க நான் விடியும் முன்பே மைதானத்துக்குப் போய்விடுவேன், இருட்டிய பிறகு வருவேன். இருந்தாலும் வீட்டில் இருக்கிறேன் என்று ஒரு பெயராவது உண்டே.

"நான் போயிட்டா அப்பாவ எப்படிக்கா தனியா பாத்துப்பே?"

"அதெல்லாம் ஒண்ணும் கஷ்டமில்ல. நீ நல்லபடியா போய்ச் சேரு, அது போதும்."

அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நிம்மதியாகத் தூக்கமும் வந்தது.

ஆய்வகத்தில் குழுவினர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் குட்டை முடி வைத்த துறைத்தலைவி, பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்த ஒரு பேராசிரியர். என் டிராக் பேண்டைப் போட்டுக்கொண்டு அக்கா வெளியே வந்த கோலத்தைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. இதயத் துடிப்பை அளக்கும் நெஞ்சுப்பட்டையைக் கட்டினேன், மூச்சை அளக்கும் முகமூடியை மாட்டினேன். வாயைத் திறந்தால் மூடாதவள் வாயடைத்து நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

முகமூடி போட்டவர்கள் பேச முடியாது என்பதால் ஓர் அட்டையைக் கண்ணெதிரே பிடிப்போம். கீழே 'மிகச் சுலபம்' என்று தொடங்கி, மேலே போகப்போகக் கடினமாகி, உச்சியில் 'இனி முடியாது' என்று முடியும் கட்டங்கள். நடக்கிறவர் தனக்கு எப்படி இருக்கிறதோ அந்தக் கட்டத்தைத் தொட வேண்டும். அதற்கு முன் ஒரு குறிப்பை வாசித்துக் காட்டுவது சோதனையின் விதி. இதில் சரியும் இல்லை, தவறும் இல்லை, யாருக்காகவும் கூட்டியோ குறைத்தோ காட்ட வேண்டாம் என்று அதில் இருக்கும். மாணவர்கள் அதை விட்டுவிட்டால் நான் கடித்துக் குதறுவேன். ஆனால் அக்காவிடம் போய்ப் புத்தகத் தமிழில் வாசிக்க வெட்கமாக இருந்தது.

"எப்படி இருக்குன்னு தொட்டுக் காட்டுக்கா, அவ்வளவுதான்" என்று முடித்துவிட்டேன்.

டிரெட்மில் ஓடத் தொடங்கியது. அக்கா 'மிகச் சுலபம்' என்று தொட்டாள். வேகத்தைக் கூட்டினேன். மறுபடியும் அதே கட்டம். முன்பக்கத்தை உயர்த்தி மேடாக்கினேன். நெற்றியில் வியர்வை துளிர்த்து முகமூடிக்குள் வழிந்தது, திரையில் இதயத் துடிப்பு ஏறிக்கொண்டே போனது, விரல் மட்டும் இடம் மாறவில்லை. கையிலிருந்த அட்டையைக் கொஞ்சம் ஆட்டிக்கூடப் பார்த்தேன். தேடிப்பிடித்து அதே கட்டத்தைத் தொட்டாள்.

கண்ணாடிக்காரர் எழுந்து வந்தார். "நெஞ்சுப்பட்டை சரியா ஒட்டலையோ? அவங்க சுலபம்ங்கறாங்க, திரை வேற கதை சொல்லுதே."

கருவியைச் சரியாகப் பொருத்தத் தெரியாதவள் என்று பெயர் வாங்கினால் அதோடு கதை முடிந்தது. அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தேன். திரை சொன்னதையே நாடியும் சொன்னது. பட்டையிலும் பிசகில்லை, இயந்திரத்திலும் பிசகில்லை. துடிப்பு, நாங்கள் நிறுத்த வேண்டிய எல்லையைத் தொட்டுவிட்டது. வேகத்தைக் குறைத்து, மெல்ல நடக்கவிட்டு, நிறுத்தினேன்.

முகமூடியைக் கழற்றியதும் அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே சண்டைக்கு வந்தாள். "ஏன்டி நிறுத்தினே? நான் இன்னும் நடப்பேன்."

"சுலபம்னு ஏன்க்கா தொட்டே?"

அவள் ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "கஷ்டம்னு காட்டினா உனக்கு மார்க் குறைச்சிடுவாங்கல்ல?"

கண்ணாடிக்காரர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பஸ்ஸில் 'ஒண்ணும் கஷ்டமில்ல' என்று சொன்னதும் இதே முகம்தான், இதே குரல்தான். அதைக் கேட்டுவிட்டுத் தூங்கினேனே என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

அக்காவை வெளியே உட்காரவைத்துவிட்டு வந்து குழுவிடம் சொன்னேன். "கருவியெல்லாம் சரியாதான் இருக்கு. நான்தான் குறிப்ப வாசிக்கல. தப்பு என்னோடது."

"கவனிச்சோம். ஏன் வாசிக்கல?" என்றார் துறைத்தலைவி.

"அக்காதானேன்னு விட்டுட்டேன், மேடம்."

அவர் ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு பாடத்தில் கேட்டார்கள், ஆராய்ச்சியில் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. கடைசியாக, வேலை கிடைத்தால் எப்போது சேர முடியும் என்று கேட்டார்கள். 'உடனே' என்று சொல்ல வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பழகியிருந்தேன்.

"குடும்பத்தோட தங்க கீழ்த்தளத்துல வீடு குடுத்தீங்கன்னா சேர்றேன், மேடம். நாங்க மூணு பேர். அப்பாவால படி ஏற முடியாது."

கண்ணாடிக்காரர் குறுக்கிட்டார். "புதுசா சேர்றவங்களுக்குத் தனி அறைதான் குடுப்போம்."

"அப்படின்னா இந்த வேலை எனக்குச் சரிப்படாது, சார்."

துறைத்தலைவி அதையும் குறித்துக்கொண்டார். "கேட்டுப் பாக்கறேன். இப்ப எதுவும் உறுதியா சொல்ல முடியாது" என்றார்.

வெளியே பெஞ்சில் அக்கா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னதும் பாட்டிலை டொக்கென்று வைத்தாள்.

"உனக்கென்ன பைத்தியமா? கைக்கு எட்டினத நீயே தட்டி விட்டுட்டு வருவியா? எனக்கு என்னடி கஷ்டம்? நான் கேட்டேனா?"

"இங்க மார்க் போட யாரும் இல்லக்கா."

மாணவர்கள் பையை மாட்டிக்கொண்டு எங்களைக் கடந்து போனார்கள். அக்கா பாட்டில் மூடியைத் திருகினாள், திறந்தாள், மறுபடி திருகினாள்.

"காலைல அப்பாவக் கட்டில்லேர்ந்து நாற்காலிக்கு மாத்தறப்பதான்டி" என்றாள், என்னைப் பார்க்காமல். "பயத்துல என் கழுத்த இறுக்கிப் புடிச்சுக்கறார். ரெண்டு பேரும் விழுந்துடுவோமோன்னு எனக்கும் பயமா இருக்கு. அந்த நேரத்துக்கு மட்டும் அந்தப் பக்கம் யாராவது புடிச்சா போதும். மத்ததெல்லாம் நெஜமாவே சுலபம்தான்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தது. அவளும் அழுதாள், உடனே முகத்தைத் துடைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று என்னை விரட்டினாள்.

மறுநாள் மைதானத்துக்கு வரத் தாமதமாகும் என்று ஃபோனில் சொல்லிவிட்டு, அப்பாவின் கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன். அந்த நேரத்தில் என்னை அங்கே பார்த்ததும் அப்பா மிரண்டார்.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

"நல்லாதான்ப்பா இருக்கேன். கையக் குடுங்க."

அக்கா அவருடைய முதுகுக்குக் கீழே கை கொடுத்தாள். நானும் கொடுத்தேன். அவள் தலையசைத்ததும் சேர்ந்து தூக்கினோம். அப்பா இவ்வளவு கனம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.