அணியத்தில் அமர்ந்தவள்

காட்டு வாத்துகள் தெற்கே போய்விட்டன. லார்ச் மரங்கள் தம் பொன்னூசிகளை ஆற்றின்மேல் சொரிந்து முடித்து, வெறுங்கிளைகளை வானுக்கு ஏந்தி நின்றன. கதிரவன் எழுந்தான், வெம்மையை எங்கோ வைத்துவிட்டு வந்தவன்போல் மரநுனிகளின் ஓரமாகவே நடந்து மறைந்தான். விரிகுடாக் காற்றில் பனியின் மணம் இருந்தது. தேங்கிய துறைகளில் கண்ணாடிபோல் பனிக்கட்டி படர, நடு ஆறு மட்டும் கறுத்து, ஓசையடங்கி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு நாளில் அதுவும் மூடிவிடும். மூடினால், ஆளைத் தாங்குமளவு பனி இறுகும்வரை போக்குமில்லை, வரவுமில்லை.

அந்தக் கறுத்த நீரில்தான் ஜெமைமா தன் கணவனைக் கொண்டு சென்றாள்.

சைலஸ் இறந்தது முந்தாநாள் காலை. கண்ணைத் திறக்காமலே, "தண்ணி இன்னும் ஓடுதா?" என்று கேட்டான். ஓடுகிறது என்றாள். "அப்ப என்னை மககிட்டக் கொண்டு போயிடு." அதற்குமேல் அவன் பேசவில்லை. ஏழு வயதில் போன அவர்கள் மகள் கீழ் ஏரியின் முனையில், பழைய வேட்டைக் குடிலுக்கு அருகே கிடந்தாள்.

ஆறு வற்றிக் கிடக்கிறது, மோட்டார் படகு கற்களைத் தாண்டாது, ஊர்க் கல்லறையிலேயே வைத்துவிடலாம் என்றார்கள் ஊரார். சைலஸின் தம்பி ஒபேதோ கித்தான் போர்த்த பெரிய துடுப்போடத்தைக் கவிழ்த்துக் கிழிசலுக்கு ஒட்டுப் போட்டான். ஆண்கள் சிலர் குழி தோண்டச் சிறு ஓடங்களில் முன்னதாகவே போய்விட்டார்கள். விடிந்ததும் பலகைப்பெட்டியை நடுவில் வைத்துக் கட்டினார்கள். ஒபேது திசைதிருப்பும் பின்முனையில், அமரத்தில் அமர்ந்தான். ஜெமைமா யாரையும் கேளாமல் முன்முனைக்கு, அணியத்துக்குப் போனாள். முப்பத்தொரு ஆண்டு அவள் அமர்ந்த இடம் அது.

அணியத்தில் இருப்பவள் நீரைக் காண்பாள், கல்லைக் காண்பாள், தண்ணீர் குடிக்க வந்த கடமானையும் முதலில் காண்பாள். பின்னால் இருப்பவனை மட்டும் காணமாட்டாள். சைலஸின் முகத்தை அவள் வீட்டில் பார்த்தாள். ஆற்றில் அவன் அவளுக்கு ஓர் இருமல், ஒரு துடுப்பின் சொட்டு, முதுகில் படும் ஒரு வெதுவெதுப்பு. இன்றும் துடுப்புச் சொட்டியது. அது வேறொருவனுடைய சொட்டு.

ஆறு கற்களில் இரைந்து சரியும் இடங்களை இரைச்சல் என்பார்கள்; இரண்டாம் இரைச்சலில் நுரைக்கடியில் தட்டைக்கல் தெரிந்தது. ஜெமைமா இடத்தோளைச் சற்றே தாழ்த்தினாள். ஓடம் திரும்பவில்லை. கல் விலாவில் உரசியது, ஓடம் சாய்ந்தது, பெட்டி ஒரு சாண் நகர்ந்து கயிற்றில் முட்டி நின்றது, நீர் உள்ளே பாய்ந்தது. ஒபேது துடுப்பை ஊன்றி எப்படியோ கரையோரச் சுழலுக்குள் ஓடத்தைத் தள்ளினான்.

இருவரும் ஓடத்துக்குள் புகுந்த நீரை இறைத்தார்கள்.

"கல்லுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அண்ணி."

"சொன்னேனே."

"எப்போ?"

அவள் தோளைத் தாழ்த்திக் காட்டினாள். ஒபேது அவளையே பார்த்தான். பிறகு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"அண்ணன் ஆத்தப் பாத்து ஓட்டுறான்னுல்ல ஊரே பெருமை பேசிச்சு. இத்தன வருசமா உங்க தோளப் பாத்துத்தான் ஓட்டினானா?"

"வீட்ல நான் கத்துறதே போதும்னுவாரு. அதான் ஓடத்துல வாயத் தொறக்க மாட்டேன்."

ஒபேது சிரித்தான், சிரிப்பு பாதியில் நின்றது. கீழே இன்னும் இரண்டு இரைச்சல்கள் இருந்தன.

"நான் பின்னாடி உக்கார்றேன்" என்றாள் ஜெமைமா.

"ஒரு நாளும் பின்னாடி உக்காந்ததில்ல நீங்க. இது ஆசைக்கு உக்கார்ற எடமில்ல, அண்ணி. கவுந்தா அண்ணன் ஆத்தோட போயிடுவான்."

"தெரியும். கல்லெல்லாம் எனக்குத்தான் தெரியும். உனக்குத் தெரியாது."

அதுவும் உண்மைதான். ஒபேது ஈரக் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு முன்னால் போனான்.

அமரத்திலிருந்து பார்த்தால் ஆறு வேறாக இருந்தது. அகலம் குறைந்து, எல்லாம் ஒருவர் முதுகைக் கடந்தே வந்தது. அவளுக்கு முன்னால், கையெட்டும் தொலைவில், பெட்டி இருந்தது. சைலஸின் தலைப்பக்கம் அவளை நோக்கியிருந்தது. மூன்றாம் இரைச்சலில் கற்கள் அவள் எண்ணிய இடத்திலேயே எழுந்தன; துடுப்பை அழுத்தினாள்; ஓடம் ஒதுங்கியது. நான்காவதில் ஒருமுறை அடி தட்டிற்று. ஒபேது திரும்பிப் பார்க்கவில்லை. அவளும் திரும்பவில்லை, அவளுக்குப் பின்னே நீர் மட்டுமே வந்துகொண்டிருந்தது.

ஏரி வாய் திறந்தபோது காற்று இல்லை. வேண்டுமென்றே மெல்லத் துடுப்பிட்டாள். பனி கட்டிவிடும் என்று ஒபேது முனகினான். பிறகு அவனும் துடுப்பைத் தணித்துக்கொண்டான்.

முனையில் ஆண்கள் காத்திருந்தார்கள். அவர்கள் பெட்டியைத் தொடுமுன் ஜெமைமா கரைநீரில் முழந்தாளிட்டாள். சட்டைப்பையிலிருந்து ஒரு சிட்டிகைப் புகையிலையை எடுத்து, ஓரப் பனியை விரலால் உடைத்து, ஆற்றுக்குக் காணிக்கையாகக் கறுத்த நீரின்மேல் வைத்தாள். அது சற்றே சுழன்று, விலகி, மிதந்தது. ஆண்கள் தொப்பிகளைக் கழற்றினார்கள்.

"இந்தத் தண்ணியில முன்னாடி உக்காந்து வர்றவங்களும் பின்னாடி உக்காந்து வர்றவங்களும்," என்றாள் அவள், நீரைப் பார்த்தபடியே, "ஒரே கரையில சேரட்டும்."