முதுகுப்பையில் இடமில்லை

பட்டாளத்துக்காரன் ஒருவன் விற்றுவிட்டுப் போன காக்கி முதுகுப்பை அது. அதற்குள் இரண்டு வேட்டி, இரண்டு சட்டை, ஒரு துண்டு, சவரக்கத்தி. தனியாக மலேயாவுக்குக் கிளம்பும் அழகுமலைக்கு அதற்குமேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, கையை வீசிக்கொண்டு நடக்க வேண்டும். ஊர் தன் முதுகில் தொற்றிக்கொண்டு வரக் கூடாது.

ஊர் விடுமா? ஒருவன் அக்கரைக்குப் போகிறான் என்றால் அவன் எல்லாருக்கும் பொதுவான பொதிமாடு. காலையிலிருந்து எண்ணெய் கசியும் பொட்டலங்கள் வந்துகொண்டேயிருந்தன. வடகம், கருவாடு, தம்பி மகனுக்குக் கைமருந்து. வீடெல்லாம் நாற்றம், ஈ. அம்மா பொன்னுத்தாய் பல்லெல்லாம் தெரிய வாங்கி வாங்கி வைத்தாள். அவன் ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பினான்.

கடைசியாகக் கண்ணாத்தாள் ஊறுகாய் ஜாடியோடு வந்தாள். அவள் புருஷன் உடையப்பன் ஜப்பான் சண்டைக்கு முன்பே மலேயாவில் தைப்பிங் போனவன். அங்கே வேறொருத்தியோடு குடும்பம் நடத்துகிறான். இவள் மட்டும் வருஷம் தவறாமல், போகிறவர் கையில் ஒரு ஜாடி கொடுத்தனுப்புவாள்.

போன தடவை ஜாடியைக் கொண்டுபோன வெள்ளைச்சாமி, லீவில் வந்தவன், வெற்றிலையை மென்றபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தான். பொன்னமராவதி காப்பிக்கடையில் அவன் சிரித்துச் சிரித்துச் சொன்னது அழகுமலைக்கு நினைவிருந்தது. "கரை மறைஞ்சதும் கடல்ல வீசிருவேன்யா. மீனெல்லாம் ஒறைப்புக்குப் பழகிருச்சு."

"ஏப்பு, ஒன் மாமனுக்கு" என்று கண்ணாத்தாள் ஜாடியைப் பைக்குள் திணித்தாள். ஜாடி வாயின் துணிக்கட்டு நெகிழ்ந்து வெள்ளைச் சட்டையில் எண்ணெய் இறங்கியது.

"எடமில்ல அயித்தை." அவன் ஜாடியை வெளியே இழுத்து வைத்தான்.

"ஒரு சட்டைய எடுத்து அங்கிட்டுப் போடேன். சட்டை எங்கயும் வாங்கலாம். இந்த நார்த்தங்காய் கெடைக்குமா? போன தடவ ஒங்க மாமா கண்ணு கலங்கித் தின்னாராம்ல."

"ஒரு மண்ணும் தின்னல. கடல்ல வீசிட்டு வந்து கத சொல்லிருக்கான். இந்தா உக்காந்துருக்கானே, இவந்தான்."

வெள்ளைச்சாமி எழுந்துபோய் வாசலில் துப்பிவிட்டு வந்தான். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"ஒரு ஜாடி தூக்க வலிக்குது, அதுக்கு எம்மேல பழியா? குடுங்க மதினி. அடுத்த மாசம் போறப்ப அண்ணன் கையிலயே குடுத்துர்றேன்."

கண்ணாத்தாள் அழகுமலையையே பார்த்தாள்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"பொங்கலுக்கே தெரியும்."

"அப்பச் சொல்லல. தெனம் எங்க வாசல் வழியாத்தான போன? ஒஞ் சட்டையில எண்ணெ பட்டதுந்தான் வாய் தொறந்துச்சாக்கும்."

அவன் எண்ணெய் பட்ட சட்டையைச் சுருட்டிப் பைக்குள் தள்ளினான். வெள்ளைச்சாமியைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. தன்னை நினைத்தபோது அதைவிட அதிகமாக.

அவள் ஜாடியின் வாயை இறுக்கிக் கட்டி வெள்ளைச்சாமியிடம் நீட்டினாள்.

"இந்தத் தடவ உப்புக் கொஞ்சம் கம்மி தம்பி. அவருகிட்டச் சொல்லிருங்க."

"சொல்லிர்றேன் மதினி."

"கெளம்புற நேரத்துல வாயா இது?" என்று பொன்னுத்தாய் மகனைப் பார்த்துச் சொன்னாள். பிறகு வெள்ளைச்சாமிக்குக் காப்பி போட உள்ளே போனாள்.

அழகுமலை பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தான். பை அவன் நினைத்தபடியே லேசாகத்தான் இருந்தது. வழியனுப்ப யாரும் வரவில்லை.